அம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்கள்

வாசகி ஒருவர் சென்னையிலிருந்து எழுதியிருக்கிறார்:

"அம்மாவுக்கு 67 வயது. சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவள், அப்பா போன பிறகு என்னுடன் இருக்கிறாள். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். டாக்டரிடம் கூட்டிப்போனால், 'கிறுகிறுன்னு வருது, மேலெல்லாம் ஒளையுது, மாடி ஏறினா நெஞ்சைக் கவ்வுது' என்று ஆரம்பிக்கிறாள். டாக்டர் என்னைப் பார்க்கிறார். நான் 'மயக்கம், உடம்பு வலி, கேஸ் டிரபிள்' என்று சொல்கிறேன். அவரும் மருந்து எழுதிவிடுகிறார். வெளியே வந்ததும் அம்மா, 'நான் சொன்னதை நீ சொல்லவே இல்லையே' என்று கோபித்துக்கொள்கிறாள். டாக்டர்களுக்குப் புரிகிற மாதிரியான சொற்களை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பட்டியல் தர முடியுமா? இன்னொன்று, டாக்டர் முன்னால் 'ஒண்ணுக்கு' என்று பச்சையாகச் சொல்கிறாள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அதற்கு நாகரிகமாக என்ன சொல்லலாம்?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே தனியாக நாலு வரி எழுதி அனுப்பினேன். காரணம் 'மாடி ஏறினா நெஞ்சைக் கவ்வுது' என்ற வாக்கியம். சர்க்கரை உள்ள 67 வயதுப் பெண் இப்படிச் சொன்னால் இதயத்தைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நன்றாக இருந்துவிட்டால் அதோடு விஷயம் முடிந்துவிடாது. எக்கோ என்கிற இதய ஸ்கேன், நடக்கவைத்து எடுக்கும் டிஎம்டி என்று இதய மருத்துவர் சொல்லும் அடுத்த சோதனைகளையும் முடித்துவிடுங்கள். இங்கே நான் எழுதுவது மற்ற வாசகர்களுக்கும் சேர்த்து.

அம்மாவுக்கு நீங்கள் கேட்ட பட்டியலை நான் தரப்போவதில்லை. அவருக்கு அது தேவையில்லை. மூன்று தொந்தரவுகளை மூன்று தனித்தனிச் சொற்களில், அதில் ஒன்றை எப்போது வருகிறது என்பதோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதை எடுத்து 'மயக்கம், உடம்பு வலி, கேஸ்' என்று ஆக்கியபோது அந்தத் தகவல் முழுக்கப் போய்விட்டது. படித்த பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான் இது. மதுரையில் பொது மருத்துவம் பார்க்கிற என் அறையிலும் தினமும் நடக்கிறது. அப்பா வாயைத் திறப்பார், மகன் முந்திக்கொண்டு 'அது ஒண்ணுமில்ல டாக்டர், அல்சர்' என்பார்.

முதலில் மயக்கத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் இந்த ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம், தலை சுற்றினாலும் மயக்கம். சாப்பிடாமல் இருந்தால் பசி மயக்கம். இருமல் மருந்து குடித்துவிட்டுக் கண் சொக்கினால் அதுவும் மயக்கம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் போடுவது மயக்க ஊசி. காதலிலும் மயக்கம் உண்டு, அது என் துறை இல்லை. ஆக, 'அம்மாவுக்கு மயக்கம்' என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது.

ஆனால் அம்மாக்கள் வெறும் 'மயக்கம்' என்று சொல்வது குறைவு. 'வீடே சுத்துது' என்பார்கள். 'கண்ணை இருட்டிக்கிட்டு வருது' என்பார்கள். 'கால் தரையில பாவ மாட்டேங்குது', 'தள்ளாடுது', 'படபடன்னு வந்து வேர்த்துக் கொட்டிருச்சு' என்பார்கள். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் கைகாட்டுபவை.

படுக்கையில் புரண்டு படுக்கும்போது வீடு சுற்றுகிறது, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் அது உள்காது சமாச்சாரம். அங்கே இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறிப் போவதால் வருவது. இதற்கு மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்கவேண்டியதில்லை. தலையை ஒரு வரிசையில் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தே பலருக்குச் சரிசெய்துவிடலாம். எழுந்து நின்றதும் கண்ணை இருட்டினால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் இன்னும் இரண்டு முறை அளப்போம். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் காரணம் தேடவேண்டும். பல நேரம் அந்தக் காரணம் ரத்தக்கொதிப்பு மாத்திரைதான். கால் தரையில் பாவவில்லை என்றால் சர்க்கரையால் கால் நரம்பு உணர்விழந்திருக்கலாம். 'செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல' என்று அவர்களே அடுத்த வரியில் சொல்வார்கள். படபடப்பு, வேர்வை, கை நடுக்கம், அகோரப் பசி எல்லாம் சேர்ந்து வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். முழு நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மட்டும் இது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இந்த நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு. 'மயக்கம்' என்று மட்டும் காதில் விழுந்த டாக்டர் நாலுக்கும் ஒரே மாத்திரையை எழுதிவிடக்கூடும்.

சொல்லை மட்டும் வைத்துத் தீர்மானிக்கவும் மாட்டோம். ஒரே கோளாறை ஒருவர் 'கிறுகிறுப்பு' என்பார், இன்னொருவர் 'தள்ளாட்டம்' என்பார். தலைசுற்றலில் எங்களுக்கு அதிகம் உதவுவது, எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்பவைதான். அம்மா கதையாகச் சொல்கிறார் என்று நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்களே, அந்தக் கதையில்தான் இவை இருக்கும். 'விடிகாலை எந்திரிச்சு வாச தெளிக்கக் குனிஞ்சேன், வாளியைத் தூக்கி நிமிர்ந்தேன், அப்படியே கிறுன்னு வந்துச்சு, திண்ணையப் பிடிச்சுக்கிட்டேன், பால்காரன் வர்றதுக்குள்ள சரியாப் போச்சு.' இதில் எனக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. நேரம், குனிந்து நிமிர்ந்தது, எத்தனை நிமிடம், விழவில்லை என்பது உட்பட. பக்கத்தில் இருக்கும் மகள் 'கதை வேணாம்மா, விஷயத்தைச் சொல்லு' என்பார். விஷயம் அங்கேயே போயிற்று.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1984-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர்கள் குறுக்கிட்டதாகக் கண்டார்கள். நம் ஊர் வெளிநோயாளர் வரிசையின் நீளத்தைப் பார்த்தால் 18 விநாடியே தாராளம்தான். அதனால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளே போனதும், 'டாக்டர், அம்மா முதல்ல ஒரு நிமிஷம் சொல்லட்டும், புரியாததை நான் அப்புறம் விளக்குறேன்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுப்பார்கள்.

அடுத்தது கேஸ். இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபமே உண்டு. வயிறு உப்பினால் கேஸ் என்று சொல்வது சரி. நம் ஊரில் முதுகில் கேஸ் பிடிக்கிறது, விலாவில் கேஸ் நிற்கிறது, தோள்பட்டைக்குப் போகிறது, தலைக்கு ஏறுகிறது. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று பேசுவார்கள் அல்லவா, அதில் வாதம் என்கிற வாயு உடம்பு முழுக்க நடமாடக்கூடியது. வாயுப் பிடிப்பு என்று தாத்தா காலத்தில் சொன்னதைத்தான் நாம் 'கேஸ்' என்று மாற்றிக்கொண்டோம். சொல்கிறவர் மனதில் இருப்பது அந்த ஊர்சுற்றும் வாயு. கேட்கிற டாக்டர் காதில் விழுவது இரைப்பை. ஆளுக்கொரு பொருளில் பேசிவிட்டு, அமிலம் குறைக்கும் மாத்திரையோடு பிரிகிறோம்.

இதில் ஆபத்து எங்கே என்றால், மாரடைப்பும் கேஸ் மாதிரியே வரக்கூடும். இதயத்தின் அடிப்பகுதிக்கு ரத்தம் நின்றால் மேல்வயிற்றில் அழுத்தம், குமட்டல், ஏப்பம் எல்லாம் வரும். ஓர் ஏப்பம் விட்டதும் கொஞ்சம் இளகின மாதிரிகூடத் தோன்றும். சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மங்கிப்போனதால் வலியே இல்லாமல், மூச்சு வாங்குதல், வேர்வை, திடீர் அசதி என்று மட்டும் வரலாம். பெண்களிடமும் வயதானவர்களிடமும் இப்படி வருவது சாதாரணம். வீட்டில் சோடா, ஓமத்திரவம், பெருங்காயம் போட்ட மோர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார்கள். இதயத் தசைக்கு அந்த இரவு மிக நீளமானது.

அதனால் தாடையிலிருந்து தொப்புள் வரை எங்கேயாவது புதிதாக அமுக்கம், இறுக்கம், அடைப்பு வந்து, கூடவே வேர்வையோ மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்தால் கேஸா இல்லையா என்ற பட்டிமன்றமே வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். கிராமத்தில் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே போய் 'கேஸ்' என்று சொல்லாமல், அம்மா சொன்ன மாதிரி 'நெஞ்சைக் கவ்வுது' என்று சொல்லுங்கள். 'பாறாங்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு', 'அமுக்குது', 'பிசையுது', 'அடைக்குது' எல்லாம் எங்களை நாற்காலியிலிருந்து எழுப்பும் சொற்கள். பேசும்போது கை என்ன செய்கிறது என்றும் கவனிப்போம். முஷ்டியை மடக்கி நெஞ்சு நடுவில் வைத்துக்கொண்டு பேசினால் இதயம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒற்றை விரலால் ஓரிடத்தைத் தொட்டு 'இங்க சுருக்குங்குது, அமுக்கினா கூடுது' என்றால் கொஞ்சம் மூச்சுவிடுவோம். அப்போதும் ஈசிஜி எடுக்காமல் அனுப்பமாட்டேன்.

கேஸ் மாதிரி இன்னும் சில சொற்கள் உண்டு. 'லோ பிபி', 'சூடு', 'டஸ்ட் அலர்ஜி', 'நரம்புத் தளர்ச்சி'. நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, ஏன் செய்கிறது என்ற ஊகத்தைச் சொல்பவை இவை. 'உடம்புச் சூடு' என்று வந்தவருக்கு வாய்ப்புண் இருக்கலாம், நீர்க்கடுப்பு இருக்கலாம், கண் சிவப்பு, கட்டி, பேதி எது வேண்டுமானாலும் இருக்கலாம். புதிதாகப் படித்துவிட்டு வந்த டாக்டரோ காய்ச்சலைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தெர்மாமீட்டரைத் தேடுவார். அதே சமயம், எல்லா நோய்ப் பெயரையும் ஒதுக்கவும் வேண்டாம். 'அக்கி போட்டிருக்கு' என்று ஒரு பாட்டி சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார். உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக எரிச்சலோடு கொப்புளம் கிளம்புகிற அந்த நோயை எங்கள் புத்தகமும் அப்படித்தான் வர்ணிக்கிறது. குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வைரஸை எதிர்க்கும் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் நன்றாக இருக்கும், அதனால் முதலில் டாக்டர்.

'மேலெல்லாம் ஒளையுது' என்பதை நீங்கள் 'உடம்பு வலி' ஆக்கியதைப் பற்றியும் சொல்லவேண்டும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொனால்ட் மெல்சாக் 1975-ல், வலியை விவரிக்கும் 78 ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, 20 தொகுதியாகப் பிரித்து ஒரு வினாத்தாள் ஆக்கினார். எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை வைத்து வலியின் தன்மையைக் கணிக்கலாம் என்பது அதன் அடிப்படை. நம் வீட்டுக் கிழவிகளுக்கு அந்த வினாத்தாள் வேண்டாம். விண்விண்ணென்று தெறிக்கிறது என்றால் சீழ் கோத்த கட்டியோ, சொத்தைப் பல்லோ, ஒற்றைத் தலைவலியோ என்று யோசிப்பேன். சுரீரென்று இடுப்பிலிருந்து குதிகால் வரை இழுக்கிறது என்றால் முதுகெலும்புப் பக்கம் நரம்பு அழுந்துகிறதா என்று பார்ப்பேன். குடைச்சல் ஆழத்தில் இருப்பது, இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாதது. உளைச்சலும் கிட்டத்தட்ட அதுவேதான், ஆனால் உடம்பு பூராவும் பரவி, அமுக்கிவிட்டால் சுகமாக இருப்பது. தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, தூக்கமின்மை என்று என் எண்ணம் ஓடுவது 'ஒளையுது' என்ற சொல்லைக் கேட்டால்தான். 'உடம்பு வலி' என்று கேட்டால் வலி மாத்திரையோடு நின்றுவிடும். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்கள் அதை அடிக்கடி சாப்பிட்டால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு.

கடுப்பு என்ற சொல் ஒரு வேடிக்கை. நீர்க்கடுப்பு ஒன்று, வயிற்றுக்கடுப்பு ஒன்று, நின்று நின்று கால் கடுப்பது ஒன்று. மூன்றும் மூன்று நோய். இளசுகளோ 'செம கடுப்பா இருக்கு டாக்டர்' என்று ஆரம்பிப்பார்கள், எங்கே என்று கேட்டால் 'எங்க மேனேஜர் மேல' என்பார்கள்.

உங்கள் அம்மா மாதிரி சர்க்கரை உள்ளவர்களிடம் இரண்டு விஷயத்தை மட்டும் நீங்களாகவே கேட்டுவையுங்கள். ராத்திரியில் உள்ளங்கால் எரிகிறதா, மதமதவென்று இருக்கிறதா, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்பது ஒன்று. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி, நின்றால் சரியாகி, நடந்தால் திரும்ப இறுகுகிறதா என்பது இன்னொன்று. முதலாவது நரம்புக் கோளாறு, இரண்டாவது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்குவது. 'கால் வலி' என்று சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

காலைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் இருக்கிறது. தமிழில் தொடை முதல் கட்டைவிரல் வரை எல்லாமே கால், தோளிலிருந்து நகம் வரை எல்லாமே கை. இடுப்பு என்றால் முதுகின் அடிப்பகுதியா, பக்கவாட்டு எலும்பா, தொடை சேரும் இடமா என்று தெரியாது. இதைச் சொல்லால் தீர்க்கவே வேண்டாம், விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் போதும். இந்தக் குழப்பத்தில் பெரியது நரம்புதான். நரம்பு ஊசி என்றால் ரத்தக்குழாயில் போடுவது. நரம்பு சுருட்டிக்கொண்டால் அதுவும் காலில் புடைத்த ரத்தக்குழாய். ராத்திரியில் நரம்பு இழுத்துக்கொண்டால் அது தசைப்பிடிப்பு. நரம்பு டாக்டரைப் பார்க்கப்போனால் அவர் மூளை நரம்பியல் நிபுணர். 'எனக்கு நரம்புல பிரச்சினை' என்று தயங்கித் தயங்கி ஓர் இளைஞர் ஆரம்பித்தால் அது பெரும்பாலும் இவை எதுவுமே இல்லை, கதவைச் சாத்திவிட்டுப் பேசவேண்டிய விஷயம்.

சென்னை டாக்டருக்கு 'மேல்' என்றால் உடம்பு என்று தெரியாமல் இருந்திருக்கலாம். தெற்கே 'மேலுக்குச் சரியில்ல', 'குறுக்கு ஒடியுது' என்பது அன்றாடப் பேச்சு. இப்படி ஊருக்கு ஊர் மாறும் சொற்களை மட்டும் நீங்கள் கூட இருந்து விளக்கலாம், அது நல்ல உதவி. யாழ்ப்பாணத்துக்காரர் 'வருத்தம்' என்றால் நோய், 'நாரி' என்றால் இடுப்பு, 'சத்தி' என்றால் வாந்தி. 'இழுப்பு' இன்னும் சிக்கல். சில ஊர்களில் அது ஆஸ்துமா இரைப்பு, சில ஊர்களில் வலிப்பு. குழந்தைக்கு இழுப்பு என்று தொலைபேசியில் சொன்னால் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவேன்.

நாங்கள் படிப்பது முழுக்க ஆங்கிலத்தில், கேட்பது முழுக்கத் தமிழில். 2019-ல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் முதலாண்டுத் தொடக்கத்திலேயே உள்ளூர் மொழிப் பயிற்சியைச் சேர்த்திருக்கிறார்கள், நல்ல காரியம். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தானே தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அந்த வழி தொடர்ந்திருந்தால் நீங்கள் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

'ஒரு மாதிரியா இருக்கு' என்பதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அம்மா கட்டாயம் சொல்வார். எந்த மாதிரி என்று கேட்காதீர்கள், தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டாரா? 'அப்ப உனக்கு என்ன பண்ணணும்னு தோணுச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். உட்காரவேண்டும் போல இருந்ததா, காற்றாட வெளியே வரவேண்டும் போல இருந்ததா, ஏதாவது இனிப்பாகச் சாப்பிடவேண்டும் போல இருந்ததா, யாரையாவது கூப்பிடவேண்டும் போல இருந்ததா? பதிலில் பாதி நோய் வந்துவிடும். 'எதுலயும் ஓட்டமில்ல, சும்மா அழுகையா வருது' என்று பதில் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். கணவர் போய், ஊரும் போய், மாடி வீட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கிற ஒருவருக்கு மனச்சோர்வு உடம்பு உளைச்சலாகவும் அசதியாகவும் வெளிப்படுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. அதற்கு மருந்தும் உண்டு, பேச்சும் உண்டு.

நாள் கணக்கை நம்பவேண்டாம். 'ரெண்டு மூணு நாளா' என்பது இரண்டு வாரமாகவும் இருக்கும். 'பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா?', 'கார்த்திகைக்கு மாடியில விளக்கு வச்சப்ப இருந்துச்சா?' என்று கேட்டால் சரியாகச் சொல்வார். தொந்தரவு வந்த அன்றைக்கே தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் அம்மா வாயில் வந்த சொல்லை அப்படியே எழுதி வையுங்கள், திருத்தவேண்டாம். 'மாத்திரை ஒழுங்காப் போடுறேன்' என்பதும் அப்படித்தான். விரத நாள், தீர்ந்துபோன நாள், கல்யாண வீட்டுக்குப் போன நாள் எதுவும் அந்த 'ஒழுங்'கில் சேராது. அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவந்தால் எத்தனை மீதி என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். 'அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை' என்று விசாரித்தால் என்னிடம் வெள்ளை மாத்திரை நூறு இருக்கிறது.

நாங்கள் சொல்வதையும் ஒரு முறை திருப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். 'சுகர் கன்ட்ரோல்ல இருக்கு' என்று நான் சொன்னால் மாத்திரையைத் தொடருங்கள் என்று அர்த்தம். பலருக்கு அது 'சரியாகிவிட்டது, நிறுத்தலாம்' என்று கேட்கிறது.

கடைசியாக, அந்த ஒண்ணுக்கு விஷயம். நாகரிகமான சொல் எதுவும் தேவையில்லை. சிறுநீர் என்றாலும் யூரின் என்றாலும் எங்களுக்கு ஒன்றுதான், அம்மாவுக்கு வாயில் எது தடங்கல் இல்லாமல் வருகிறதோ அதுவே நல்லது. உங்கள் சங்கடத்தைப் பார்த்து அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டால்தான் பிரச்சினை. இந்த வயதில், அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு, ஒண்ணுக்கு எரிகிறதா, வந்தால் அடக்க முடியாமல் போகிறதா, இருமினால் தும்மினால் கசிகிறதா, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியவேண்டும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. வெள்ளைப்படுதல், அடி இறங்குதல் (கர்ப்பப்பை கீழே இறங்குவது) மாதிரி விஷயங்களை மகள் முன்னால் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவருக்குத் திரும்ப ரத்தம் பட்டால், ஒரே ஒரு முறை பட்டாலும், அதை மறைக்கவே கூடாது. அதனால் அடுத்த முறை போகும்போது, பேச்சு முடிகிற சமயத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி இரண்டு நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். பெண் டாக்டராகவோ, பக்கத்தில் நர்ஸம்மா இருக்கும்படியாகவோ பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.